கோலேந்திய பாட்டனார்

முன்னொரு காலத்தில், சீன தேசத்தில் மஞ்சளாற்றங்கரை நாடொன்றை ஹான் துவெய் என்ற ராஜா ஆண்டுவந்தார். அவருடைய தாத்தா வாத்து மேய்த்தவர். அப்பா படை திரட்டி நாட்டைப் பிடித்தவர். ஊருக்கே தெரிந்த சங்கதிதான். ஆனால் வாயைத் திறந்தால் தலை இருக்காது என்பதால் எல்லோரும் அதை மறந்துபோயிருந்தார்கள்.

ஒருநாள் ராஜாவுக்குத் தன் வம்சாவளியைப் பட்டில் எழுதி, முன்னோர் மண்டபத்தில் படிக்கச் சொல்லிக் கேட்க ஆசை வந்தது. சபையின் விகடகவி லோ பாங்கைக் கண்டாலே வயிறெரிகிற மந்திரி கோ ஜின் விடுவாரா? அந்த வேலையை அவர் தலையில் கட்டும்படி ராஜாவின் காதைக் கடித்தார்.

"லோ பாங், நீர்தான் எழுத வேண்டும்" என்றார் ராஜா. "கோலேந்தாத ஒருவரும் என் வம்சத்தில் இருக்கக் கூடாது. முன்னோர் முன்னிலையில் பொய்யும் கூடாது. எது தவறினாலும் உமது தலை போகும்!"

லோ பாங்குக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. "கோல், கோல்" என்று முணுமுணுத்தபடி ஆற்றங்கரையில் அலைந்தார். அங்கே ஒருவன் நீண்ட கோலோடு வாத்து மேய்ப்பதைப் பார்த்த பிறகுதான் பசியெடுத்தது.

மண்டபத்தில் சபை கூடியது. லோ பாங் பட்டை விரித்தார்.

"அரசரின் பாட்டனார் கோலேந்தியவர். அவர் கோலை அசைத்தால் பெருங்கூட்டம் அணிவகுக்கும். நிலத்தில் நடக்கும், நீரையும் கடக்கும். ஒருநாளும் கலகம் செய்ததில்லை. விடியுமுன் வெள்ளை வெளேரென்று கப்பம் வைத்துவிடும்."

ராஜாவின் முகம் மலர்ந்தது. "இதில் பொய் உண்டா, மந்திரியாரே?"

பொய் என்றால் தாத்தா யாரென்று சொல்ல வேண்டும். கோ ஜின்னுக்கு வியர்த்தது. "பொய்யா? என் பாட்டனாரே அந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் நடந்தவர், பிரபு!"

லோ பாங் பணிவாகத் தலை வணங்கினார். "மன்னிக்க வேண்டும், பிரபு. வாத்துகளுக்குள் மந்திரியாரின் பாட்டனாரும் இருந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று."

ராஜாவின் உதடு துடித்தது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"என் தாத்தா எனக்கு முட்டை அவித்துக் கொடுப்பார், ஐயா! அவரைப் போய் இத்தனை வருஷமாக ஒளித்து வைத்தேனே!"

தாத்தாவை வாத்து மேய்த்தவர் என்றே எழுதச் சொல்லி, தன் பட்டு அங்கியைக் கழற்றி லோ பாங்குக்குப் போர்த்தினார். அதற்குள் மெல்ல வாசலை நோக்கி நழுவிய மந்திரியைப் பார்த்துச் சொன்னார்:

"நடையைப் பார்த்தாலே தெரிகிறது, மந்திரியாரே. உமது வம்சத்தில் சந்தேகமே இல்லை!"