பீப்பி கோபித்துக்கொண்டு போனது

அந்தக் காலத்தில் கணினிப் பெட்டிகள் வெள்ளையாகப் பிறந்து, பழுப்பாகிச் சாகும். மூடிக்குள்ளே பாகங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். ஆனால் வெளியே கேட்கும்படி சொல்ல ஒரே ஒரு வாய்தான் உண்டு. அதுதான் பீப்பி, மூலையில் ஒயரில் தொங்கும் பொத்தான் அளவு ஸ்பீக்கர். காலையில் எல்லாம் சரியாக இருந்தால் ஒரு பீப். எங்கேயாவது கோளாறு என்றால் விடாமல் கத்தும். சும்மா இருக்கத் தெரியாத ஜென்மம். மதர்போர்டுக்கு எங்கே வலித்தாலும் அதுதானே அழ வேண்டும், பாவம்.

சிவகாசியில் கோதைநாயகி என்பவள் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் சின்னக் கடை வைத்திருந்தாள். கடைக்கு ஒரே கணினி. ஆயுத பூஜையன்று அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, திரையில் சரஸ்வதி படம் போட்டாள். பொரிகடலைத் தாம்பாளத்தை வைக்க இடமில்லாமல் கீபோர்டு மேலேயே வைத்துவிட்டாள். அத்தனை விசையும் ஒரேயடியாக அமுங்கினால் பீப்பி விடுமா? சூடம் ஏற்றுகிற நேரம் பார்த்து வீறிட ஆரம்பித்தது.

"பூஜை நேரத்துல வாய மூடேன்," என்றது உள்ளே சுற்றும் விசிறி.

"கீபோர்டுத் தம்பி நெஞ்சு மேல தாம்பாளம் இருக்கு. நான் எப்படி வாய மூட?" என்று பீப்பி இன்னும் உரக்கக் கத்தியது.

பூஜைக்கு வந்திருந்த சங்கிலிராஜின் முகம் மாறிப்போனது. மறுநாள் அச்சுக்குப் போக வேண்டிய அவர் மகளின் பத்திரிகை அந்தக் கணினியில்தான் இருந்தது. "என்னம்மா, எம் மக பத்திரிகை இருக்குற பெட்டி இப்பிடி அழுவுது?" என்றார். கோதைநாயகி பதறிவிட்டாள். தாம்பாளத்தை எடுக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. பெட்டியை அணைக்கக்கூடப் பொறுமையின்றி மூடியைக் கழற்றி, பீப்பியின் ஒயரைப் பிடித்து இழுத்தாள். இழுத்த வேகத்தில் அவள் வளையல் மெமரி அட்டையில் இடித்து, அது நகக்கண் அளவு மேலே கிளம்பியது. திரை இருண்டது. பூஜையன்று கணினிக்கு ஓய்வுதானே என்று அவள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. எல்லாவற்றையும் பார்த்த பீப்பி சொல்ல வாயெடுத்தது. ஆனால் ஒயர் அவள் கையில் இருந்தது.

மறுநாள் விசிறி சுற்றியது, திரை மட்டும் விழிக்கவில்லை. மதர்போர்டுக்கு எங்கே வலி என்று தெரியும், சொல்ல வாயில்லை. அவள் பெட்டியைத் தட்டுவதையும் விசும்புவதையும் மேசை டிராயருக்குள் கிடந்த பீப்பி கேட்டுத் துடித்தது. மதியம் வரை பொறுத்துப் பார்த்த சங்கிலிராஜ் வேறு கடைக்குப் போய்விட்டார்.

அதற்கப்புறம்தான் அவளுக்குப் பீப்பியின் ஞாபகம் வந்தது. எடுத்து மாட்டினாள். நீளநீளமாக அழுதது. அந்த அழுகைக்கு அர்த்தம் அவளுக்குத் தெரியும். மெமரியை விரலால் அமுக்கியதும் திரை எழுந்தது. எழுந்து என்ன செய்ய, போன பத்திரிகை போனதுதான்.

அன்றே பீப்பி கிளம்பிவிட்டது. "நல்ல சேதி சொன்னா கேக்குறாங்க. வலிக்குதுன்னு சொன்னா வாயையே புடுங்கிப் போடுறாங்க. இனிமே எங்க வம்சத்துல ஒருத்தரும் இங்க வர மாட்டோம்."

உன் இடத்தை வேறு யாருக்கும் தர மாட்டேன் என்று மதர்போர்டு எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தது. பீப்பி திரும்பவில்லை.

அன்று முதல்தான் புதுக் கணினிகள் ஊமையாகப் பிறக்கின்றன. கோபித்துக்கொண்டு போன தாய்மாமனுக்குப் பந்தியில் இலை போட்டு வைப்பதுபோல, மதர்போர்டு ஓரத்தில் ஸ்பீக்கருக்கான ஊசிகள் மட்டும் இன்னும் காலியாக நிற்கின்றன. திரை விழிக்காத காலையில் நாமும் பெட்டியைத் தட்டித் தட்டி, என்ன செய்யுது, வாயைத் திறந்து சொல்லேன் என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறோம்.