கரடின்னு சொன்ன ஜிலி

ஒரு ஊர்ல ஒரு லைப்ரரி. அந்த லைப்ரரியில ஒரு பீரோ. அந்த பீரோவுக்குள்ள, யாருமே வீட்டுக்கு எடுத்துட்டுப் போகக் கூடாத பத்துப் புத்தகம். அத்தை சொல்லச் சொல்ல நீ ம் கொட்டணும். கொட்டலைன்னா தூங்கிட்டேன்னு நிறுத்திடுவேன்.

"ம்."

ஒவ்வொரு புத்தகமும் செங்கல்லு கணக்கா கனம். டேபிள்ல வெச்சா தொம்முனு சத்தம் வரும். எந்தெந்த நாட்டு ஜனங்க என்னென்ன கதை சொல்றாங்க, எந்த மலையில எந்த சாமி இருக்குது, எந்தக் கிணத்துல எந்த பூதம் இருக்குதுன்னு, உலகத்துக் கதை பூராவும் அகராதி மாதிரி அகர வரிசையில போட்டிருக்கும். அங்கயே உக்காந்து படிக்கலாம். ஆனா யாரும் படிக்க மாட்டாங்க. பேப்பர் பார்த்துட்டுப் போயிடுவாங்க.

அந்த லைப்ரரியைப் பார்த்துக்கிட்டவங்க நாச்சம்மா. அங்க கூட்டித் துடைக்க வர்றவ குந்தலா. குந்தலாவுக்கு ஊரு ஒடிசா. புருஷனுக்கு இங்க நூல் மில்லுல வேலை. வந்து மூணு வருஷம் ஆனதால தமிழ் நல்லாவே பேசுவா. அவளுக்கு ஒரே பொண்ணு, ஆறு வயசு, பேரு ஜிலி. ஜிலியை ஊர்ல தன்னோட அக்கா கிட்ட விட்டிருந்தா. அப்போ அந்த அக்காவுக்குக் காய்ச்சல் வந்து, ஒரே வாரத்துல போய்ச் சேர்ந்துட்டாங்க. அப்புறம் ஜிலியை இங்க கூட்டிட்டு வந்தாங்க. வந்ததுல இருந்து அந்தக் குழந்தை ஒரு வார்த்தை பேசலை.

"ஏன் அத்தை?"

அழுகை வந்து தொண்டையில உக்காந்துக்கிட்டா, பேச்சுக்கு இடம் ஏது? டாக்டர் பார்த்தாரு. நாக்குல கோளாறு இல்ல, காதுல கோளாறு இல்லன்னுட்டாரு. மூணு மாசம் போச்சு. குந்தலா வேலை செய்யறப்ப ஜிலி டேபிளுக்கு அடியிலயே உக்காந்திருக்கும்.

ஒரு திங்கக்கிழமை குந்தலா சொன்னா, "அக்கா, வெள்ளிக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் போட்டாச்சு. இவளைக் கூட்டிட்டு நான் ஊருக்கே போறேன். வீட்டுக்காரர் இங்க இருக்கட்டும்."

"அங்க யாரு இருக்கா?"

"யாரும் இல்லக்கா. அந்தத் தண்ணியைக் குடிச்சாலாவது பேசுவாளோ என்னமோ."

நாச்சம்மாவுக்கு மனசு கேக்கலை. "உங்கக்கா இவளை எப்படித் தூங்க வைப்பாங்க?"

"கதை சொல்லித்தான். அக்கா வாக்கப்பட்ட ஊர்க் கதை. எனக்கு அது தெரியாதுக்கா."

நாச்சம்மா எந்திரிச்சுப் போய் பீரோவைத் திறந்தாங்க. கிரீச். ஒரு புத்தகத்தைத் தூக்கிட்டு வந்து தொம்முனு வெச்சாங்க. தூசி கிளம்பி ரெண்டு பேருக்கும் தும்மல்.

"ம்."

மொத நாள் ஒடிசான்னு போட்ட பக்கத்துல ஒரு ராசா கதை கிடைச்சுது. நாச்சம்மா தமிழ்ல சொல்ல, குந்தலா அதை அவங்க பாஷையில சொன்னா. ஜிலி தரையைச் சுரண்டிக்கிட்டே இருந்துச்சு. ரெண்டாம் நாள் ஒரு பேய்க் கதை. ஜிலி காதைப் பொத்திக்கிட்டு மூலைக்கு ஓடிருச்சு. குந்தலாவுக்குக் கண்ணு கலங்கிருச்சு. "விட்டுடுங்கக்கா, உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"இன்னும் நாள் இருக்குதில்ல? உங்கக்கா வீட்டுப் பக்கம் ஆறு ஓடுதா? அது பேரென்ன?" குந்தலா ஆத்துப் பேரைச் சொன்னா.

பத்தாவது புத்தகம் பூராவும் பேரு பட்டியல்தான். எந்தக் கதை எந்த ஆத்தங்கரையில சொல்றதுங்கறது கூட அதுல இருக்கும். மூணாம் நாள் காலையில இருந்து நாச்சம்மா ஒவ்வொரு வரியா விரல் வெச்சுத் தேடுனாங்க. சரசரன்னு பக்கம் திருப்பித் திருப்பி, மத்தியானம் சோறு கூடத் திங்கலை. அப்போ கிடைச்சுது. ஏழாவது புத்தகத்துல, அரைப் பக்கம்.

ஆத்தங்கரையில ஒரு கிழவி பணியாரம் சுட்டாளாம். சொய்ங்னு சத்தம். வாசனை காட்டுக்குள்ள போச்சாம். அப்போ ஒரு புலி வந்து கதவைத் தட்டுச்சாம். டொக், டொக்.

டேபிளுக்கு அடியில இருந்து ஒரு சின்னக் குரலு. "புலி இல்ல. கரடி."

அவங்க பாஷையிலதான் சொல்லுச்சு. குந்தலா கையில இருந்த துணி கீழ விழுந்துருச்சு. நாச்சம்மா அசையலை. மெதுவா, "அப்புறம் என்னன்னு கேளு குந்தலா"ன்னாங்க.

ஜிலி வெளிய வந்துச்சு. "கரடி தேன் கொண்டு வந்துச்சு. கிழவி பணியாரம் குடுத்தா. ரெண்டு பேரும் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டாங்க. பெரியம்மா அப்படித்தான் சொல்வாங்க." பெரியம்மான்னு சொன்னதும் உதடு துடிச்சுது. அப்புறம் ஓன்னு அழுதுச்சு. மூணு மாசத்து அழுகை. குந்தலா அள்ளி மடியில போட்டுக்கிட்டா.

அழுது முடிஞ்சு தண்ணி கேட்டுச்சு. வாயைத் திறந்து கேட்டுச்சு. குந்தலா தண்ணி குடுத்துட்டு நாச்சம்மா காலைத் தொடப் போனா. அவங்க தடுத்துட்டாங்க. "நான் வெறுமனே படிச்சேன். சொன்னவங்க வேற யாரோ."

"யாருக்கா அவங்க?"

கதைக்குக் கீழ பொடி எழுத்துல இருந்ததை நாச்சம்மா படிச்சாங்க. சொன்னவர்: பரிசல் துறையில் ஒரு பெண். பெயர் கேட்கவில்லை.

குந்தலா கொஞ்ச நேரம் அதையே பார்த்தா. எழுத்துப் படிக்கத் தெரியாது அவளுக்கு. "எந்த வரி அது?"ன்னு கேட்டா. நாச்சம்மா காட்டுனாங்க. அந்த வரி மேல கையை வெச்சு, கண்ணுல ஒத்திக்கிட்டா. "பேரு தெரியாட்டிப் போகுது. நீ நல்லா இருக்கணும் தாயே."

சாயங்காலமே அவ புருஷன் போய் டிக்கெட்டை ரத்து பண்ணிட்டு வந்தான்.

"ம்... கரடி?"

கரடியா? அந்தப் புத்தகத்துல பேனா படக் கூடாது. அதனால நாச்சம்மா ஒரு சீட்டுல எழுதி, பசை தடவி, கதைக்குப் பக்கத்துல ஒட்டி வெச்சாங்க. 'புலி அல்ல, கரடி என்றும் சொல்வார்கள். சொன்னவர்: ஜிலி, வயது ஆறு.' ஒட்டுனதை ஜிலி ஊதி ஊதிக் காய வெச்சுது.

அவ்வளவுதான் தங்கம். சொன்னவங்க நல்லா இருக்கட்டும், கேட்ட புள்ளை கண்ணை மூடட்டும்.