மண்ணைக் கவ்விய அழுங்கு

அந்தக் காலத்தில், மிருகங்களெல்லாம் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, எறும்பு தின்கிற அழுங்குக்கும் வாய் நிறையப் பல் இருந்தது. பல் மட்டுமா, வாய்த்துடுக்கும் இருந்தது. "என் வாயில அகப்பட்டா சிறுத்தைக்கும் கதி அவ்வளவுதான்" என்று காடு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

பேச்சு சிறுத்தையின் காதுக்கு எட்டியது. ஒரு மத்தியானம் அவன் வந்து அவளுடைய வளைக்கு முன்னால் சாவகாசமாக உட்கார்ந்தான். வளைக்குள் அவள் குட்டி தூங்கிக்கொண்டிருந்தது. பிறந்து நாலு நாள்கூட ஆகவில்லை. செதில் இன்னும் இறுகவில்லை.

"பெருசா பேசுனியாமே? வழக்கப்படியே வெச்சுக்கலாம். ஒரு கடி உனக்கு. தப்புச்சுன்னா, உள்ள இருக்கிறது எனக்கு."

காட்டு வழக்கம் அதுதான். சவால் விட்டவருக்கு ஒரே ஒரு கடி. பின்வாங்கினாலும் தோற்றதாகத்தான் கணக்கு.

அழுங்கு குழைந்தாள். "அண்ணே, நான் ஏதோ விளையாட்டுக்குச் சொன்னது..."

"நானும் விளையாடத்தான் வந்திருக்கேன்" என்றான் சிறுத்தை.

அவன் கழுத்து நாலு அடி தூரத்தில் இருந்தது. அந்த மஞ்சள் கண்கள் இமைக்காமல் அவளையே பார்த்தன. பார்வையைத் தாங்க முடியாமல், பாவி, கண்ணை இறுக மூடிக்கொண்டு பாய்ந்தாள். சிறுத்தை ஓர் அடி விலகினான். பாய்ந்த வேகத்தில் அவள் வாய் சரளை மண்ணைக் கவ்வியது. ஒரு பல்கூட மிஞ்சவில்லை.

சிறுத்தை திரும்பி வளையை நோக்கி நடந்தான். உள்ளே குட்டி முனகியது. அந்தச் சத்தம் கேட்டதும் அவள் துள்ளி எழுந்தாள். வழக்கமாவது ஒன்றாவது! அவன் வயிற்றுக்கடியில் புகுந்து வளைக்குள் ஓடினாள். குட்டியை மடியில் வைத்துச் சுற்றிச் சுருண்டுகொண்டாள்.

சிறுத்தை அவளை வெளியே இழுத்துப் போட்டான், உருட்டினான், கடித்தான். செதில் அவன் வாயைத்தான் கிழித்தது. பொழுது சாயும்போது சலித்துப் போய்விட்டான். அவன் போன பிறகும் அவள் விரியவில்லை.

மரத்திலிருந்து வேடிக்கை பார்த்த குரங்குகள் அவள் மண்ணில் விழுந்ததுமே ஓடிப்போயிருந்தன. "அழுங்கு மண்ணைக் கவ்விட்டா" என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தன. குட்டி பிழைத்ததை அவை பார்க்கவில்லை.

தேர்தலிலும் கபடியிலும் தோற்றவனை நாம் "மண்ணைக் கவ்வினான்" என்று ஏளனம் செய்வது அன்று முதல்தான். அழுங்கு பல்லில்லாமல் இருப்பதும், பயம் வந்தால் குட்டியை உள்ளே வைத்துச் சுருண்டுகொள்வதும் அன்று முதல்தான்.