படித்தால் இடிந்துவிடும்

ஆமாம்பட்டியை வரைபடத்தில் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். வரைபடம் போட வந்தவரையே அந்த ஊர்க்காரர்கள் துரத்திவிட்டார்கள். மனுசன் சட்டைப்பையில் பேனா வைத்திருந்தார், அதுதான் குற்றம்.

படித்தவர்கள் என்றால் அவர்களுக்கு அப்படி ஒரு பயம். காரணம் இல்லாமலும் இல்லை. பட்டணத்தில் படித்துவிட்டு வந்த மருதன் என்பவன் ஒருநாள் ஆற்றுப்பாலத்தில் ஒட்டியிருந்த அறிவிப்பைச் சத்தம்போட்டுப் படித்துத் தொலைத்தான். "பாலம் பழுதடைந்துள்ளது. வண்டிகள் செல்லக் கூடாது." மூன்றாம் நாள் பாலம் ஆற்றோடு போய்விட்டது.

"நாப்பது வருசமா நின்ன பாலம்யா! எவனும் படிக்காத வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?" என்றார் ஊர்த்தலைவர் வெள்ளையப்பன்.

"ஆமாம்!" என்றது ஊர். மருதனை மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டு அனுப்பினார்கள். பள்ளிக்கூடத்தைக் காலி செய்து எருமைகளைக் கட்டினார்கள். எருமைகள் எதையும் படிக்கவில்லை, கட்டடமும் இடியவில்லை. இதைவிட வேறு என்ன சான்று வேண்டும்?

அன்றைக்கு எல்லோரையும்விடப் பலமாக ஆமாம் போட்டவன் மச்சக்காளை. அவன் வீடு ஊரின் தண்ணீர்த் தொட்டிக்கு நேர் கீழே இருந்தது. நாலு தூண்மேல் உயரமாக நிற்கிற தொட்டி. நல்ல நிழல், ஒழுகுகிற தண்ணீரும் வீட்டு வாசலிலேயே கிடைக்கும் என்று தேடிப்பிடித்துக் கட்டிய வீடு.

ஒருநாள் அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். தொட்டியை அண்ணாந்து பார்த்தார். அவர் முகம் வெளிறிப்போனது. எழுதிய பலகை ஒன்றை நட்டு, "படிச்சுப் பாத்து அதன்படி நடந்துக்கங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் பறந்துவிட்டார்.

மச்சக்காளை வீட்டில் அவன் மனைவி சிட்டம்மாள் எட்டு மாதப் பிள்ளைத்தாய்ச்சி.

"குழம்புல சிமெண்டு விழுதுங்க. அந்தப் பலகையில என்னமோ எழுதியிருக்கு. யாரையாவது படிக்கச் சொல்லுங்களேன்" என்றாள் அவள்.

"அடிப்பாவி, படிச்சா இடிஞ்சிடும்!"

"படிக்காட்டி?"

இந்தக் கேள்வியை மச்சக்காளை மூன்று நாள் யோசித்தான். ஆமாம்பட்டிக் கணக்கில் அது மின்னல் வேகம். பிறகு ஊரைக் கூட்டினான்.

"என் பொண்டாட்டி புள்ளை உசுருய்யா. என்ன எழுதியிருக்குன்னு தெரிஞ்சே ஆகணும்" என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

"கண்ணை மூடிக்கிட்டுப் படிக்கச் சொல்லலாம்" என்றார் ஒருவர்.

"மெதுவாப் படிச்சா மெதுவாத்தான் இடியும். அதுக்குள்ள ஓடிரலாம்" என்றார் இன்னொருவர்.

தலைவர் வெகுநேரம் மோவாயைத் தடவினார். "பலகையைப் பிடுங்கிப் பக்கத்து ஊரு சீத்தாங்குளத்துக்குக் கொண்டுபோவோம். அங்க நூலகத்துல தமயந்தின்னு ஒரு பொண்ணு இருக்கு. அது அங்க வச்சுப் படிக்கட்டும். இடிஞ்சா அந்த ஊருத் தொட்டி இடியட்டும், நமக்கென்ன?"

"ஆமாம்!"

"ஊரே சாட்சிக்கு வரணும். எந்த வீட்டுலயும் ஒரு உசுரு இருக்கக் கூடாது, சொல்லிட்டேன்!"

சொன்னால் சொன்னபடி செய்கிற ஊர். ஆடு, மாடு, கோழி, பூனை எல்லாம் கிளம்பின. சிட்டம்மாளை வண்டியில் ஏற்றிய மச்சக்காளை, சுவரில் இருந்த இரண்டு பல்லிகளையும் செம்பில் பிடித்துப்போட்டு மூடி எடுத்துக்கொண்டான்.

இரண்டு மைல் நடந்து சீத்தாங்குளம் போனார்கள். தமயந்தி பலகையைப் படித்தாள்: "இந்தத் தொட்டி எந்நேரமும் இடிந்து விழும். கீழே குடியிருப்போர் உடனே வெளியேறவும்."

எல்லோரும் சீத்தாங்குளத்துத் தொட்டியை ஆவலோடு அண்ணாந்து பார்த்தார்கள். அது அசையவில்லை. சிலருக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஆமாம்பட்டிப் பக்கமிருந்து 'தடால்' என்று ஒரு சத்தம் வந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தால் மச்சக்காளை வீடு இருந்த இடத்தில் தொட்டிதான் கிடந்தது. வீட்டைக் காணோம். அவன் பல்லிச் செம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதான்.

பின்னாலேயே ஓடிவந்த தமயந்திக்கு மூச்சு வாங்கியது. "அழாதீங்கண்ணே! படிச்சதாலதான் எல்லாரும் உசுரோட இருக்கீங்க!"

தலைவர் கையை உயர்த்தினார். "இருங்கப்பா. ரெண்டு மைலுக்கு அந்தப்பக்கம் படிச்சதுக்கே இங்க இம்புட்டுப் பெரிய தொட்டி விழுதுன்னா, படிப்புக்கு எம்புட்டு பலம் பாருங்க! இதைப் போயி அடுத்தவன் கையில விட்டுட்டு இருந்திருக்கோமே, கூறுகெட்ட பயலுக! நாளையிலருந்து ஊரே படிக்கணும்."

"ஆமாம்!"

எருமைகள் வெளியே வந்தன, ஊர் உள்ளே போனது. "நான் சொல்றதை அப்படியே திருப்பிச் சொல்லுங்க" என்று தமயந்தி தொடங்கினாள். அவள் தும்மினாள், ஊர்க்காரர்கள் நூற்றுப்பன்னிரண்டு பேரும் தும்மினார்கள். அவளுக்கு வீட்டிலிருந்து போன் வந்தது. "அம்மா, ரசம் மட்டும் வையி, போதும்" என்றாள். "அம்மா, ரசம் மட்டும் வையி, போதும்!" என்று கூரை அதிர ஊர் முழங்கியது. அன்றைக்குப் பெரும்பாலான வீடுகளில் ரசம்தான்.

ஆனாலும் விடாமல் சொல்லிக்கொடுத்தாள், மகராசி. நாலு மாதத்தில் தலைவர் உட்பட ஊரே எழுத்துக்கூட்டிப் படித்தது. தமயந்திக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

இதற்கிடையில் சிட்டம்மாளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. தார்ப்பாய்க்கு அடியில்தான் குடித்தனம். பிள்ளைக்குச் சளி பிடிக்கும்போதெல்லாம் மச்சக்காளை தார்ப்பாயின் ஓட்டைகளைத் தேடித்தேடி அடைப்பான். ஒரு வீடு, ஒரே ஒரு வீடு, அது போதும் அவனுக்கு.

ஒருநாள் தபாலில் அரசாங்க உத்தரவு வந்தது. அவனே விரல் வைத்துப் படித்தான்: "மச்சக்காளை என்பவருக்கு, இடிந்த வீட்டுக்குப் பதிலாக, இரண்டு அறைகளும் அடுப்படியும் உள்ள வீடு வழங்கப்பட்டது."

காகிதத்தை மடித்தான். "படிச்சாச்சு. கிளம்பு சிட்டு, குடிபோவோம்."

கொல்லைமேட்டில் வெறும் பொட்டலில் அடுப்பைக் கூட்டிப் பால் காய்ச்சினார்கள். வாழ்த்த வந்த தலைவரிடம், "வாசல் நிலை தாழ்வுங்க, குனிஞ்சு வாங்க" என்றான் மச்சக்காளை. அவர் குனிந்துதான் வந்தார், ஆனாலும் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

தமயந்தி தலையில் கைவைத்தாள். "அண்ணே, வீடு எங்கண்ணே இருக்கு?"

அவன் காகிதத்தை நீட்டினான். "நீங்க சொல்லிக்குடுத்த எழுத்துதான் டீச்சர். நான் தப்பாவா படிச்சேன்?"

அவன் ஒரு எழுத்தைக்கூடத் தப்பாகப் படிக்கவில்லை.

அடுத்த வாரம், தூறலோடு தூறலாக, வீட்டைப் பார்வையிட அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். பொட்டலைப் பார்த்தார். குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த குடும்பத்தைப் பார்த்தார். கோப்பைத் திறந்து படித்தார். 'வீடு கட்டி ஒப்படைக்கப்பட்டது' என்று முத்திரையோடு இருந்தது. மறுபடி பொட்டலைப் பார்த்தார். மறுபடி கோப்பைப் படித்தார்.

பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து உள்ளே வந்தார். 'காற்றோட்டம் நன்று' என்று கோப்பில் எழுதினார்.

"சார், கதவைத் தெறந்துபோட்டு வந்துட்டீங்களே, புள்ளைமேல சாரல் அடிக்குது" என்றாள் சிட்டம்மாள்.

"மன்னிச்சுக்கம்மா" என்று அதிகாரி திரும்பிப்போய்க் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளும் போட்டுவிட்டு வந்தார்.