தீபாவளி வீட்டுக்கு மாப்பிள்ளை வந்தாரா?

வெள்ளியம்புதூர் தில்லைநாயகம் குடும்பத்தாரிடம் எதையும் ஒருமுறை சொன்னால் போதும். சொன்னபடியே செய்வார்கள். தொல்லையே அதுதான்.

அவர் மனைவி சொர்ணவல்லிக்கு இருபத்தாறு வருடமாக ஒரே கவலை. தீபாவளிதோறும் டிவியில் போடுகிற அந்தப் பழைய படத்தில், தலைதீபாவளியன்று மாமனாரோடு சண்டை போட்டுக்கொண்டு போன மாப்பிள்ளை திரும்பி வந்தாரா, இல்லையா? முடிவு வரும் நேரம் பார்த்து யாராவது விருந்தாளி வந்துவிடுவார்கள். இவள் அடுப்படிக்குப் போயாக வேண்டும். வீட்டில் மற்றவர்கள் அதற்குள் குறட்டை.

கோபி ஊருக்குப் பக்கத்தில், அந்தப் படம் எடுத்த வீட்டையே காட்சியகமாக்கி, பன்னிரண்டரை மணிக்குக் கடைசிக் காட்சியைத் திரையிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் வேன் பிடித்துக் கிளம்பிவிட்டாள். கூடவே கணவர், கொழுந்தன் நாகலிங்கம், அவன் மனைவி கமலவேணி.

படத்தில் வந்த தீபாவளி அலங்காரம் அப்படியே இருந்த முற்றத்தில் இரண்டு பாதங்கள் வரைந்து, 'இங்கே நின்று பார்க்கவும்' என்று எழுதியிருந்தது.

"பாதம் ரெண்டுதான் இருக்கு. நமக்கு எட்டு ஆச்சே," என்றார் தில்லைநாயகம்.

"ஆளுக்கு ரெண்டு விரல் வெச்சாப் போதும் அண்ணே," என்றான் நாகலிங்கம். கணக்கில் அவன் புலி.

வைத்தார்கள். நால்வரும் கட்டிப்பிடித்தபடி கயிற்றுத் தடுப்போடு சேர்ந்து விழுந்தார்கள். விழுந்த இடத்தில் இன்னொரு பலகை: 'இதை உங்கள் சொந்த வீடாகவே நினைத்துக்கொள்ளுங்கள்.'

மணி பன்னிரண்டு இருபது. வாசலில் ஒரு பஸ் வந்து நின்றது. நாற்பது பேர் இறங்கினார்கள்.

"ஏனுங்க, இது நம்ம வீடுன்னா, அவங்கெல்லாம் ஆரு?" என்றாள் சொர்ணவல்லி.

தில்லைநாயகம் யோசித்தார். "நாம வீட்டுக்காரங்க. அவங்க விருந்தாளிங்க. வேற எப்படி?"

"பண்டிகை வீட்டுக்கு வந்தவங்களை வெறும் வாயோட அனுப்புறதா, அக்கா?" என்றாள் கமலவேணி.

சொர்ணவல்லிக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் வீட்டுக்காரி வீட்டுக்காரிதானே? சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "நீங்க மூணு பேரும் போய்ப் பாருங்க. ஒண்ணு விடாம எனக்கு வந்து சொல்லோணும். தூங்குனீங்கன்னா பாத்துக்குங்க!"

படத்துக்காகச் செய்த அடுப்பு அது. ஊதி ஊதிப் பார்த்தாள், அட்டையில் வெட்டிய நெருப்பு எரிந்தால்தானே! தாம்பாளத்திலிருந்த மைசூர்பாகை எடுத்து நீட்டினாள். சாயம் பூசிய சுண்ணாம்புக் கட்டி. கடித்த ஒருவர் தாடையைப் பிடித்துக்கொண்டு, "எங்க வீட்லயும் இதே பதம்தானுங்க," என்றார்.

ஒரு மணிக்கு எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைப் பூட்டினார்கள். மூவரும் கண்ணைத் துடைத்தபடி வந்தார்கள்.

"சொல்லுங்க! மாப்பிள்ளை வந்தாரா?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கோவிச்சுக்காத வல்லி. 'முடிவை வெளியே யாரிடமும் சொல்லாதீர்கள்'னு அங்க எழுதிப் போட்டிருக்கு," என்றார் தில்லைநாயகம்.

"நான் யாரோவா? கட்டினவளுங்க நானு!"

"பொண்டாட்டியைத் தவிரன்னு எழுதலையே."

"அப்ப வேனுக்குள்ள போய்ச் சொல்லுங்க. வேனுக்கு உள்ளதானே?"

"அந்த வேனே வெளியதானே அண்ணி நிக்குது," என்றான் நாகலிங்கம். சொர்ணவல்லியும் தலையாட்டினாள். நியாயம் நியாயம்தான். கண்ணீர் மட்டும் பொலபொலவென்று கொட்டியது.

சாவியோடு வந்த காட்சியகப் பொறுப்பாளர் வேலுமயிலுக்கு மனசு தாங்கவில்லை. "இதுக்குப் போயா அழறீங்க? நான் சொல்றேன் கேளுங்கம்மா. அந்த மாப்பிள்ளை—"

"ஐயோ, நாம வெளிய நிக்கறோம்!" என்று அலறி வலது காதைப் பொத்தினாள் சொர்ணவல்லி. இடது காதைக் கமலவேணி பாய்ந்து பொத்தினாள். பொத்தக் காது மிச்சமில்லாததால் தில்லைநாயகம் மனைவியின் கண்களைப் பொத்தினார்.

வேலுமயில் இன்னும் உரக்கச் சொன்னார். முழுவதும் சொன்னார்.

நாகலிங்கம் தன் இரண்டு காதையும் இறுக்கி மூடிக்கொண்டு கத்தினான்:

"பயப்படாதீங்க அண்ணி! ஒண்ணுமே கேக்கல!"