இதோ, பக்கத்திலேதான்

மலைகளுக்கெல்லாம் இன்னும் பெயர் வைத்து முடிக்காத காலத்திலே, உத்தமசிங்கன் என்று ஒரு ராஜா இருந்தான். நல்ல ராஜாதான், குறை சொல்லக் கூடாது. ஆனால் பொய் என்றால் அவனுக்கு ஆகவே ஆகாது. உப்புக் குறைந்த குழம்பை ஒருத்தன் மரியாதைக்கு 'பிரமாதம்' என்று சொல்லிவிட்டால் போதும், அவன் அடுத்த வேளைச் சோற்றைப் பக்கத்து நாட்டில்தான் சாப்பிட வேண்டும்.

அவன் நாட்டிலே ஓங்குமலை என்று ஒரு மலை. உச்சியிலே குமரன் கோயில். அடிவாரத்திலிருந்து ஆயிரத்து எண்ணூறு படி. மலைக்கோயிலுக்குப் போனவர்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? பாதி ஏறுவதற்குள் முழங்கால் முறையிட ஆரம்பித்துவிடும். எதிரே இறங்கி வருகிறவரிடம், இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்போம். அவர் என்ன சொல்வார்? "இதோ, பக்கத்திலேதான்" என்பார். முதல் படியில் கேட்டாலும் அதே பதில், நடுவழியில் கேட்டாலும் அதே பதில். அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டுதான் ஊர் உலகமெல்லாம் ஓங்குமலை ஏறிக்கொண்டிருந்தது.

இது ராஜாவின் காதுக்கு எட்டியது. சாமி மலையிலேயே நின்றுகொண்டு பொய்யா என்று கொதித்துப் போனான். மூன்று உத்தரவு போட்டான். நூறு படிக்கு ஒரு கல் நட வேண்டும். மிச்சம் எத்தனை படி என்று அதிலே வெட்ட வேண்டும். அதற்கு மாறாக எவர் பொய் சொன்னாலும், அவர் பிறகு அந்த மலையில் கால் வைக்கக் கூடாது.

கல் நட்டார்கள். உண்மை பளிச்சென்று தெரிந்தது. அப்புறம் என்ன ஆயிற்று என்று கேளுங்கள். நாலாவது கல்லைப் பார்த்ததுமே, அடேயப்பா, இன்னும் ஆயிரத்து நானூறா என்று ஜனங்கள் மலைத்துப் போனார்கள். தேங்காயை அந்தக் கல்லிலேயே உடைத்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள். கீழே தேங்காய் ஓடு குவிந்தது. மேலே குமரன் தனியாக நின்றான். பிரசாதத்தைக் குருக்களும் காக்கைகளும் பங்கு போட்டுச் சாப்பிட்டார்கள்.

அந்த வருஷம் ராஜாவின் ஒரே மகள் காய்ச்சலில் விழுந்தாள். ஒன்பது நாள் கண் திறக்கவில்லை. வைத்தியர்கள் கையை விரித்துவிட்டார்கள். ராஜா மலை இருந்த திசையைப் பார்த்து விழுந்து கும்பிட்டான். குமரா, என் பிள்ளையை எழுப்பிக் கொடு, தைப்பூசத்தன்று பல்லக்கில்லாமல், துணையில்லாமல், என் தலையில் பால்குடம் எடுத்து வருகிறேன், பொழுது சாய்வதற்குள் பால் உனக்கு அபிஷேகமாகும் என்று வாக்குக் கொடுத்தான். பத்தாம் நாள் குழந்தை கண்ணைத் திறந்து, பசிக்கிறது என்றாள்.

தைப்பூசம் வந்தது. ராஜா சேவகர்களை அடிவாரத்தில் நிறுத்தினான். கிரீடம் கிடையாது, செருப்பு கிடையாது. மஞ்சள் வேட்டி கட்டி, பால்குடத்தைத் தலையில் ஏற்றிப் புறப்பட்டான். பல்லக்கிலேயே வளர்ந்த உடம்பு. வயிறு முன்னே போக, ராஜா பின்னே போனான்.

அறுநூறு படி ஏறினான். எதிரே ஒரு வியாபாரி இறங்கி வந்தான். ராஜா தூரம் கேட்டான். வியாபாரி சட்டத்துக்குப் பயந்து, இன்னும் ஆயிரத்து இருநூறு சாமி என்று உள்ளதைச் சொன்னான். ராஜாவுக்குக் கால் கனத்தது.

தத்தித் தத்தி ஆயிரமாவது படிக்கு வந்தான். எதிரே ஒரு பூக்கட்டும் பண்டாரம் வந்தார். அவரும் பயந்துகொண்டு, எண்ணூறு சாமி என்றார். ராஜா உட்கார்ந்தே விட்டான். பால்குடத்தைத் தரையில் வைக்கக் கூடாதல்லவா? மடியில் வைத்துக்கொண்டான். எதிரே அவன் நட்ட கல். அதிலும் எண்ணூறு. சூரியன் மேற்கே இறங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பால் போய்ச் சேராவிட்டால் சாமிக்குக் கொடுத்த வாக்குப் பொய். பொய் சொன்னவன் இந்த மலையில் கால் வைக்கக் கூடாது. மகளின் உயிரைக் கொடுத்த சாமியின் முகத்தில் இனி எப்படி விழிப்பது? ராஜா வாய்விட்டு அழுதான்.

மேலேயிருந்து காத்தாயி வந்தாள். முப்பது வருஷமாக அந்தப் படியிலே பானகம் விற்கிறவள். காலிப் பானையோடு இறங்கிக்கொண்டிருந்தவள், அழுகிற ஆளைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள், சாய்கிற பொழுதையும் பார்த்தாள். சட்டம் அவளுக்கும் தெரியும். மலையை விட்டால் அவளுக்குப் பிழைப்பில்லை, குமரனை விட்டால் நாதியில்லை. ஆனாலும் வாயைத் திறந்தாள்.

"எந்திரிங்க சாமி. இதோ, பக்கத்துலதான். அந்த வேப்பமரத்தைத் தாண்டினா கோயில்."

கல்லில் எண்ணூறு என்று போட்டிருக்கிறதே என்றான் ராஜா. நட்ட இடத்திலேயே நிற்கிற கல்லுக்கு மலை ஏறுவதைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டுவிட்டு, பானையை இடுப்பில் மாற்றிக்கொண்டு அவளும் திரும்பி முன்னே ஏறினாள்.

வேப்பமரம் வந்தது. கோயில் வரவில்லை. அந்த யானைப்பாறையைத் தாண்டினால் அவ்வளவுதான் என்றாள் காத்தாயி. ராஜாவுக்குக் கோபம் வந்தது. இவளைச் சும்மா விடுவதில்லை என்ற கோபத்திலேயே முன்னூறு படி ஏறிவிட்டான்.

யானைப்பாறை வந்தது. கோயில் வரவில்லை. அந்தத் திருப்பம் திரும்பினால் தீர்ந்தது என்றாள். இந்தத் தடவை ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குடம் தளும்பாமல் சிரித்துக்கொண்டே ஏறினான்.

திருப்பம் வந்தது. கோபுரமும் வந்தது.

சூரியன் மலை விளிம்பைத் தொட, பால் குமரனின் தலையில் விழுந்தது. கோயில் மணி கணகணவென்று அடித்தது. எத்தனையோ மாதம் கழித்து அந்தப் பிராகாரத்தில் அரோகரா என்று ஒரு குரல் எழுந்தது. அது ராஜாவின் குரல். குருக்கள் அந்தக் குரலை அடையாளம் கண்டு நடுநடுங்கி நின்றார்.

ராஜா காத்தாயி பக்கம் திரும்பினான். நான் யாரென்று தெரியுமா என்று கேட்டான். தெரியும், மண்ணையே மிதிக்காத உள்ளங்காலைப் பார்த்ததுமே தெரியும் என்றாள்.

"தெரிந்துமா இத்தனை பொய் சொன்னாய்?"

காத்தாயி பானையைக் கீழே வைத்தாள். "எவ்வளவு தூரம்னு கேக்குறவுக யாரும் தூரத்தைக் கேக்கலை சாமி. நம்மால ஆகுமான்னு கேக்குறாக. ஆகும்னு சொன்னேன். அது பொய்யின்னா, நீங்க எப்படி இங்கன நிக்கிறீக?"

ராஜா வாளுக்கு வளையாத கழுத்தை வளைத்து, பானகக்காரியைக் கும்பிட்டான். அன்றைக்கு முதல் பிரசாதம் காத்தாயி கைக்குப் போனது. ராஜா தன் சட்டத்தை எடுத்துவிட்டு, நட்ட கல்லையெல்லாம் பிடுங்கச் சொன்னான். எழுத்துத் தெரியாதபடி கவிழ்த்துப் போட்டுச் சுமைதாங்கியாக்கச் சொன்னான். ஏறுகிறவர்கள் பாரத்தை இறக்கி வைத்துக் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளட்டும் என்றான்.

மறுநாள் காலையில் ராஜா மலை இறங்கினான். ஐந்நூறாவது படியிலே ஒருத்தன் தோளில் குழந்தையைச் சுமந்து, நாக்குத் தள்ள ஏறி வந்தான். சாமி, இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டான். பிறந்தது முதல் பொய்யே பேசாத ராஜா ஒரு நிமிஷம் நின்றான். குழந்தையைப் பார்த்தான். தகப்பனின் முகத்தைப் பார்த்தான்.

"இதோ, பக்கத்திலேதான்" என்றான்.

அந்த வருஷம் ஓங்குமலையில் தேங்காயெல்லாம் உச்சியிலேதான் உடைந்தது.

ஏறுகிறவனுக்கு மிச்சத் தூரத்தை எண்ணிக் காட்டுவதைவிட, அடுத்த படிக்குத் தெம்பு கொடுப்பதே பெரிய தருமம்.