இஸ்ரவேல் அடைத்து வைத்த சத்தம்

இஸ்ரவேல் பேச வாயைத் திறந்தாலே பேண்டு மாஸ்டர் தங்கப்பழத்துக்குப் பற்றிக்கொண்டு வரும். அதே வாயை டிரம்பெட்டில் வைத்தால் மட்டும் ஒன்றும் வராது. போன கல்யாண ஊர்வலத்தில் தனி வாசிப்பு வந்தபோது வெறும் காற்றுதான் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் சிரித்த சிரிப்பு மாஸ்டருக்கு இன்னும் ஆறவில்லை. நாளைக் கல்யாணத்திலும் அப்படி ஆனால் பாளையங்கோட்டையில் இந்த பேண்டு செட்டை ஒருத்தரும் கூப்பிட மாட்டார்கள்.

பேண்டு செட் கடையில் எல்லாரும் கூடியிருக்கும்போது ஒரு வரி ஊதிக் காட்டச் சொன்னால், மாட்டேன் என்கிறான். ஒரு மாதமாக வீட்டில் மியூட் போட்டு பிராக்டீஸ் பண்ணுகிறானாம். மியூட் என்பது டிரம்பெட்டின் அகன்ற வாயில் செருகுகிற அடைப்பான். செருகி ஊதினால் பக்கத்து வீட்டுக்குச் சத்தம் கேட்காது. ஊதவே ஊதாதவன் சத்தமும் பக்கத்து வீட்டுக்குக் கேட்காதுதான்.

"அந்தச் சத்தமெல்லாம் எங்கவே போச்சு?" என்று கேட்டார் டிரம் அடிக்கிற மாசானம்.

எங்கேயும் போகவில்லையாம். அடைப்பானுக்குள்ளேயே கிடக்கிறதாம். முதல் வாரத்திலேயே அம்மிக்கல் கனம் கனத்து, வைத்திருந்த கட்டிலின் கால் முறிந்ததாம். துடைக்கலாமென்று ஒரு நாள் லேசாக நெகிழ்த்தியிருக்கிறான். நூலளவு சத்தம் கசிந்து தெற்குத் தெரு மண்டபத்துக்குப் போக, கெட்டிமேளம் என்று நினைத்து மாப்பிள்ளை அரை மணி முந்தியே தாலியைக் கட்டிவிட்டானாம்.

"பொண்ணு கழுத்துலதானே?" என்றார் மாசானம்.

இஸ்ரவேல் அவரைப் புழுவைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுக் கதையைத் தொடர்ந்தான். இன்னொரு தடவை கசிந்ததில் தாமிரபரணித் தண்ணீர் மிரண்டு, வந்த வழியே பொதிகை மலைக்குத் திரும்பி ஏறிவிட்டதாம். குறுக்குத்துறையில் குளித்தவர்களெல்லாம் சோப்பு நுரையோடு மணலில் நின்றார்களாம். இப்போது அடைப்பானை முழுசாக எடுத்தால் கடைக்கூரையில் ஓடு ஒன்றுகூட மிஞ்சாது என்று தன் துணிப்பையைத் தட்டிக் காட்டினான்.

"உங்க நல்லதுக்குத்தான் மாஸ்டர் ஊதாம இருக்கேன்."

புளுகுவதற்குச் செலவழித்த மூச்சில் பாதியை ஊதுவதற்குச் செலவழித்திருந்தால் நாளைய கவலையே இருந்திருக்காது. ஆனாலும் மாஸ்டர் குரலை உயர்த்தவில்லை.

"சரிடே. அடைப்பானை இங்க குடுத்துட்டு நாளைக்கு நீ வீட்டுலயே இரு. தனி வாசிப்பு வரும்போது மாசானம் அதைத் தொறந்து விடுவாரு."

இஸ்ரவேல் பையை மார்போடு அணைத்துக்கொண்டான். "வேற யாரு தொறந்தாலும் சத்தம் வராது மாஸ்டர்."

"நீ ஊதினாலும் வராதுடே. அதைத்தான் போன கல்யாணத்துல பார்த்தமே."